பெரியவர்களுக்குப் பட்டன் போன்தான் சரியா?

13 செப்டம்பர் 2025: தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

அம்மாவுக்கு 76 வயது, தனியாக இருக்கிறார். போன தீபாவளிக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தேன். தொட்டால் கேட்கவில்லை என்கிறார். அழைப்பு வந்தால் எடுப்பதற்குள் நின்றுவிடுகிறது. ஓடிபி என்றாலே பதறிப்போகிறார். மறதி நோய் தொடங்கிவிட்டதோ என்று எனக்குப் பயம். பேசாமல் பட்டன் போனுக்கே திரும்பிவிடலாம் என்று இருக்கிறேன். எழுபதைத் தாண்டியவர்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் உண்டா?

14 செப்டம்பர் 2025, காலை

நான் மறுக்கிறேன். பட்டன் போன் மேல் எனக்குக் கோபம் இல்லை. "ஒத்துவராது" என்ற சொல் மேல்தான்.

நீங்கள் சொன்னவை மூன்று வேறு இடங்களிலிருந்து வரும் புகார்கள். தொட்டால் கேட்காதது விரல். எடுப்பதற்குள் நின்றுபோவது காதாக இருக்கலாம், விரலாகவும் இருக்கலாம். ஓடிபி பதற்றம்தான் நினைவு சம்பந்தப்பட்டது. மூன்றையும் ஒன்றாகக் கட்டி "மறதி" என்று பெயர் வைத்தால் எதையும் சரிசெய்ய முடியாது.

எங்கள் வீட்டில் இரண்டு பேர். அப்பாவுக்கு 83, பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வருடம் எந்த ஷாப்பில் யார் சார்ஜ்மேன் என்பது இன்றைக்கும் தலைகீழ்ப் பாடம். விரலும் காதும்தான் தகராறு. மாமியாருக்கு, அதாவது அத்தைக்கு, 79. தலைமையாசிரியையாக இருந்தவர். காது பரவாயில்லை, கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தெளிவு. நினைவுதான் கொஞ்ச காலமாக நழுவுகிறது. இருவருக்கும் ஒரே மாடல் போன். இருவரும் ஒரே வாக்கியம் சொன்னார்கள்: "இது வேலை செய்யலைம்மா." காரணம் இரண்டு பேருக்கும் ஒரு சதவீதம்கூட ஒட்டவில்லை.

14 செப்டம்பர், இரவு

விரலை முதலில் முடித்துவிடுகிறேன், இதுதான் சுலபம்.

இப்போதைய தொடுதிரை அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் தோலின் மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் தொட்டீர்கள் என்று கண்டுபிடிக்கிறது. வயதாகும்போது தோல் உலர்கிறது. உலர்ந்த விரலைத் திரை சரியாக உணராது. அதன் மேல் கடைக்காரர் ஒட்டிக்கொடுத்த தடித்த கண்ணாடி வேறு. அப்பா குளித்து, விபூதி பூசி, அதே விரலோடு போனைத் தொடுவார். அதற்குக் கேட்குமா? கேட்காததால் இன்னும் ஓங்கி அழுத்துவார். ஓங்கி அழுத்தினால் விரல் நீண்ட நேரம் திரையில் நிற்கும். போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொண்டு ஐகானை நகர்த்தத் தயாராகிவிடும். அவருக்குத் தெரிவது, தொட்டால் எல்லாம் நடுங்குகிறது, ஒரு படம் காணாமல் போகிறது.

செய்தவை: தடித்த கண்ணாடியை எடுத்துவிட்டேன். செட்டிங்ஸில் "தொடு உணர்திறன்" இருந்தது, கூட்டினேன் (எல்லாப் போனிலும் இல்லை). அணுகல்தன்மைப் பகுதியில் தொட்டுப் பிடித்திருக்கும் நேரத்தை நீளமாக வைத்தேன். அடுத்தடுத்து விழும் தொடுதலைப் புறக்கணிக்கும் வசதி சாம்சங் போன்களில் உண்டு. கை நடுங்குபவர்களுக்கு அது பெரிய உதவி. முகப்புத் திரையில் ஐகான்கள் நகராமல் பூட்டும் வசதியும் பல போன்களில் இருக்கிறது. இதெல்லாம் ஒரு காப்பி ஆறும் நேரத்து வேலை. விபூதிக்கு மட்டும் செட்டிங்ஸ் இல்லை. பக்கத்தில் ஈரத்துணி வைத்திருக்கிறார்.

15 செப்டம்பர்

அழைப்பை எடுப்பது பற்றி விட்டுப்போனது. இழுத்து எடுப்பது நடுங்கும் விரலுக்குக் கடினம். அரைகுறையாக இழுத்தால் பட்டன் பழைய இடத்துக்கே ஓடிவிடும். சாம்சங்கில் ஒலி கூட்டும் பட்டனை அழுத்தி அழைப்பை எடுக்க வழி உண்டு. சில போன் செயலிகளில் இழுப்பதற்குப் பதில் ஒரே தட்டு என்று மாற்றலாம். பக்கவாட்டுப் பவர் பட்டனால் அழைப்பை வைக்கும் வசதியும் பல போன்களில் உண்டு. ஆனால் போனைப் பிடிக்கும்போதே அதை அழுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள், எங்கள் அப்பா உட்பட. பாதிப் பேச்சில் கட் ஆனதும் எதிர்முனைக்காரர் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார் என்று அவர் கோபித்துக்கொள்வார்.

19 செப்டம்பர்

காது. "சத்தமாகத்தானே வைத்திருக்கிறேன், கேட்கவில்லை என்கிறாரே" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

வயதால் வரும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் உச்ச சுருதியிலிருந்து தொடங்கும். போன்களில் வரும் "டிங்" ரகச் சத்தங்கள் பல அந்த உச்சத்தில்தான் இருக்கின்றன. உங்களுக்குக் காதைக் கிழிக்கும். அவருக்கு அது நடக்கவே இல்லை. அடித்தொண்டையில் ஒலிக்கும் ரிங்டோன் வையுங்கள். அப்பாவுக்கு நாதஸ்வரம் வைத்துத் தோற்றேன், தவில் தனி வைத்ததும் எடுக்கிறார். அழைப்பு வரும்போது கேமரா விளக்கு மின்னும்படி வைக்கும் வசதியும் இப்போது பெரும்பாலான போன்களில் உண்டு.

பேச்சுக்கும் இதே கதைதான். உயிரெழுத்து ஓசை தாழ்ந்தது, வலுவானது, அது கேட்டுவிடும். ச, த, ட, ப போன்ற மெய்களின் வெடிப்பும் உரசலும் மேலே இருக்கின்றன, அவை நழுவும். பத்து, பட்டு, பற்று எல்லாம் ஒரே சொல்லாக ஆகிவிடும். அதனால்தான் "கேக்குது, புரியலை" என்கிறார்கள். கத்தினால் தெளிவு கூடாது. பல பேருக்கு ஓர் அளவைத் தாண்டிய சத்தம் சட்டென்று வலியாக மாறிவிடும். குரலைத் தாழ்த்தி, மெதுவாக, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்திப் பேச வேண்டும்.

இங்கேதான் பட்டன் போன் பற்றிய என் முக்கிய ஆட்சேபம். பழைய முறைத் தொலைபேசிக் குரல் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். மெய்யெழுத்துகளை அடையாளம் காட்டும் ஒலிகளில் நிறைய அதற்கு மேலே. 4ஜி வலையிலேயே குரல் போகும் வோல்ட்டே அழைப்பில் ஏறத்தாழ 7000 வரை போகிறது. இரண்டு பக்கமும் அந்த வசதி இருந்தால் வித்தியாசம் அப்பாவுக்கே தெரிகிறது. "இன்னைக்கு லைன் நல்லாருக்கு" என்பார்.

19 செப்டம்பர், இன்னும் கொஞ்சம்

4ஜி பட்டன் போன்களும் இருக்கின்றன என்று ஒருவர் உடனே எழுதிவிட்டார். சரி, உண்மை. அவற்றில் வோல்ட்டே உண்டு. என் ஆட்சேபம் பழைய 2ஜி பெட்டிகளோடு நிற்கட்டும்.

அப்பாவுக்கு ஸ்மார்ட்போன் தேவைப்படுவது வேறொன்றுக்கு. கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற செயலி 2019இல் வந்தது. எதிரில் பேசுவதை எழுத்தாகத் திரையில் ஓட்டும், தமிழிலும். காதுக் கருவியைக் கழற்றி வைத்திருக்கும் நேரங்களில் போனை நடுவில் வைத்துவிட்டுப் பேசுவோம். ஊர்ப் பெயரையும் ஆட்கள் பெயரையும் கண்டபடி எழுதும். பெரியப்பா வீட்டுக் கல்யாணப் பேச்சு ஓடும்போது அது எழுதியதைப் படித்து அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மாப்பிள்ளை வீட்டார் எதிரில் இருந்தார்கள் என்பதையே மறந்துவிட்டார்.

21 செப்டம்பர்

போனை எவர்சில்வர் சம்படத்தில் போட்டு வைத்தால் அதிர்வு கணகணவென்று கேட்கிறது. கண்டுபிடிப்பு: அப்பா. காப்புரிமை கோரப்படவில்லை.

27 செப்டம்பர்

கண். எழுத்தைப் பெரிதாக்கினால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறோம். பாதிதான் அது.

வயதாக ஆகக் கண்மணியின் துளை சுருங்குகிறது, வில்லை மஞ்சளாகிறது. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று சொல்வார்கள். வெள்ளையில் மெல்லிய சாம்பல் எழுத்து வைத்து அழகு பார்க்கும் செயலிகளைச் செய்பவர்களுக்கு வயது இருபத்தைந்துக்குக் கீழே இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 மாறுபாடு வேண்டும் என்று, எல்லோரும் பயன்படுத்தும்படி இணையத்தை அமைக்கச் சொல்லும் உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டி பல வருடமாகச் சொல்கிறது. நீல எழுத்தை மங்கலாகக் காட்டுவதும் அந்த மஞ்சள் வில்லைதான். அத்தைக்கு ஒரு கண்ணில் முதலில் புரை எடுத்தபோது, அந்தக் கண்ணுக்கு வாட்ஸ்அப் டிக் பளீர் நீலம், மற்றதற்கு ஏதோ அழுக்கு நிறம். இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடி ஒரு மத்தியானம் பூராவும் வேடிக்கை பார்த்தார்.

கருப்புப் பின்னணி கண்ணுக்கு நல்லது என்று கேட்டதை வைத்து எல்லாப் பெரியவர் போனிலும் அதைப் போட்டுவிடாதீர்கள். புரை இருப்பவர்களுக்கும் சிதறல் பார்வை (ஆஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்கும் கருப்பில் வெள்ளை எழுத்து கசிந்து பரவித் தெரியும். சிலருக்கு நேர்மாறாக அதுதான் இதம். அவர்களிடம் இரண்டையும் காட்டிக் கேட்க வேண்டும்.

தமிழுக்கென்று ஒரு தொல்லை. எழுத்தைப் பெரிதாக்கியதும் பட்டனுக்குள் நம் நீளச் சொற்கள் அடங்குவதில்லை. "உறுதிப்ப…" என்று பாதியில் நிற்கும், பக்கத்திலேயே "ரத்துசெய்…". எந்தப் பட்டன் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அதனால் எழுத்தை நடுத்தரப் பெரிதாக வைத்து, திரை அளவைத் தனியாக ஒரு படி கூட்டி, மூன்று தட்டில் உருப்பெருக்கும் கண்ணாடியை இயக்கி வைத்தேன். உருப்பெருக்கியில் அப்பா தேர்ச்சி பெற்றுவிட்டார். அத்தை தற்செயலாக இயக்கிவிட்டு, போன் "ஊதிப்போச்சு" என்று பயந்தார், அவர் போனில் எடுத்துவிட்டேன்.

29 செப்டம்பர்

"ஈஸி மோடு போட்டால் தீர்ந்தது, இவ்வளவு புராணம் எதற்கு?" என்ற பதிலுக்கு.

முகப்புத் திரையைப் பெரிதாக, எளிதாகக் காட்டும் ஈஸி மோடு நல்லதுதான். ஆப்பிளில் 2023 முதல் அசிஸ்டிவ் ஆக்சஸ் என்று இன்னும் முழுமையாக ஒன்று இருக்கிறது: தேவையான சில செயலிகள் மட்டும், பெரிய கட்டங்களாக. ஆனால் ஈஸி மோடு முகப்பைத்தான் மாற்றுகிறது. வங்கிச் செயலிக்குள் நுழைந்ததும் பழைய காடுதான்.

ஜப்பானில் டோகோமோ 1999 முதலே ராகு ராகு போன் என்று முதியவர்களுக்கென ஒரு வரிசை விற்கிறது. ராகு ராகு என்றால் அலட்டாமல், சுலபமாக. எதிர்முனைக் குரலை மெதுவாக்கித் தரும் வசதி அதில் இருக்கிறது. அதன் ஸ்மார்ட்போனில் விரல் சும்மா பட்டால் ஒன்றும் ஆகாது, அழுத்தினால்தான் ஏற்கும். நம்மூர்க் கடைகளில் "சீனியர் சிட்டிசன் போன்" என்று கேட்டால் பெரிய நம்பரும் டார்ச்சும் சிவப்புப் பட்டனும் கொண்ட ஒரு பெட்டியைத் தூக்கி வைக்கிறார்கள். டார்ச் நன்றாக எரிகிறது, அதை மறுக்கவில்லை.

5 அக்டோபர்

நினைவு. இதை எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

முதலில் தஞ்சாவூர்க்காரருக்கு. மறதியா என்று சந்தேகம் இருந்தால் போனை வைத்து முடிவு கட்டாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவையெல்லாம் மறதியாக வேடம் போடும், சிகிச்சையில் சரியாகக்கூடியவை. நிஜமான மறதி நோயும் (டிமென்ஷியா) நம் நாட்டில் அபூர்வம் இல்லை. 2023இல் வந்த தேசிய அளவிலான ஆய்வொன்று 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. இன்னொன்று: டிமென்ஷியாவுக்கு வழிவகுக்கக்கூடிய, தவிர்க்க முடிந்த 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் பட்டியலிட்டது. செவித்திறன் குறைவு அதில் முன்பே இருந்தது, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவை அந்த முறை சேர்த்தார்கள். காதுக் கருவியும் கண் பரிசோதனையும் போனுக்காக மட்டும் இல்லை.

இனி அத்தை. இந்த நிலையில் பொதுவாக முதலில் அடிபடுவது புதிதாகக் கற்பது. கைப்பழக்கமாகப் பதிந்தவை அதிக காலம் தாங்கும். பச்சைப் படம், அதற்குள் மூன்றாவது பெயர், மேலே கேமரா என்று பெங்களூர்ப் பேத்தியைக் கூப்பிடுவதை அத்தை விரலால்தான் நினைவில் வைத்திருந்தார். வாயால் சொல்லச் சொன்னால் தெரியாது.

போன ஆகஸ்டில் பல போன்களில் அழைப்புத் திரையே ஒரே ராத்திரியில் முகம் மாறியது. நாம் எதையும் தொடவில்லை, அதுவாகவே மாறிக்கொண்டது. மேலும் கீழும் இழுத்தவர்கள் பக்கவாட்டில் இழுக்க வேண்டியதாயிற்று. நான் இரண்டு தரம் சிணுங்கிவிட்டுப் பழகிக்கொண்டேன். அத்தையால் முடியவில்லை. போன் கெட்டுவிட்டது என்றார், அப்புறம் "எனக்குத்தான் புத்தி போயிடுச்சு" என்றார். அஞ்சறைப்பெட்டியில் கடுகையும் சீரகத்தையும் ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாற்றி வைத்துவிட்டு, காலையில் சமைக்க வருபவரைத் தடுமாறுகிறார் என்று சொல்கிற வேலை இது.

ஆகவே அத்தை போனில் என் சட்டம்: எதுவும் நகரக்கூடாது. ஒரே பக்கம். நான்கு பேரின் படங்கள், தொட்டால் நேரே அழைப்பு போகும் விட்ஜெட்டாக. வாட்ஸ்அப், கேமரா, யூடியூப். முகப்பு பூட்டியாயிற்று. அழைப்புச் செயலியின் புதுப்பிப்பை நீக்கிப் பழைய முகத்துக்குக் கொண்டுவந்தேன். பெங்களூரிலிருந்து வரும் கொழுந்தனார் "இப்படி வச்சா இன்னும் ஈஸிம்மா" என்று கையை நீட்டும்போதெல்லாம் போன் சார்ஜில் இருக்கிறது என்று சொல்ல வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு.

6 அக்டோபர்

சொல்லிக்கொடுக்கும் முறை பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

"நீங்களே தட்டிப் பாருங்க, தப்பானா என்ன, கத்துக்கலாம்" என்பது அப்பாவுக்குச் சரி. நினைவுக் குறைவு உள்ளவர்களுக்கு இது எதிர்வேலை செய்யும். தவறாகத் தட்டியதும் கையில் பதியும், அது தவறு என்பது மட்டும் பதியாது. தவறு நேரவிடாமல் ஆரம்பத்திலேயே சரியான இடத்துக்கு விரலைக் கொண்டுபோக வேண்டும். சற்று இடைவெளி விட்டு மறுபடி செய்யச் சொல்ல வேண்டும். வந்தால் இடைவெளியை நீட்ட வேண்டும், வராவிட்டால் உடனே காட்டிவிட்டு இடைவெளியைக் குறைக்க வேண்டும். நினைவு மறுவாழ்வில் இருக்கும் பழகிய முறைதான்.

"நேத்துதானே சொன்னேன்" என்ற வாக்கியத்தை வீட்டில் தடைசெய்திருக்கிறோம். அமல் அரைகுறை.

8 அக்டோபர்

புதுப்பிப்பை நிறுத்துவது ஆபத்து இல்லையா என்று மென்பொருள்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். யோசித்துப் பார்த்தேன், அவர் சொல்வதில் நியாயம் உண்டு. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அதே புதுப்பிப்புதான். இப்போது இப்படி வைத்திருக்கிறேன்: செயலிகளின் தானியங்கிப் புதுப்பிப்பு நிறுத்தம், இரவில் நானே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, முகம் மாறியிருந்தால் மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து பழக்குவது. அத்தை போனில் வங்கிச் செயலி கிடையாது. இது எல்லோராலும் ஆகாது என்பது தெரியும். பழைய தோற்றத்தையும் புதிய பாதுகாப்பையும் சேர்த்துக் கொடு என்று கேட்க வேண்டியது நிறுவனங்களிடம். கேட்டு யார் காதில் விழுகிறது, அவர்களுக்கும் உச்ச சுருதிப் பிரச்சினை போல.

12 அக்டோபர்

ஓடிபி. அது செய்யும் வேலையைப் பாருங்கள். ஒரு செயலியில் பாதி வேலை. மேலிருந்து ஓர் எண் இறங்கி வந்து, படிப்பதற்குள் மேலேயே போய்விடுகிறது. இதை விட்டு வெளியேறி, குறுஞ்செய்தி தேடி, ஆறு இலக்கம் மனதில் வைத்து, திரும்பி வந்து அடிப்பதற்குள் கடிகாரம் பின்னோக்கி ஓடி முடிந்துவிடுகிறது. அப்பாவின் நினைவு துல்லியம்தான், அவருக்கே இது முடியவில்லை. விரல் மெதுவானதால்தான் தோற்கிறார்.

இணைய அணுகல் வழிகாட்டியில் கால வரம்பு பற்றி அடிப்படை நிலையிலேயே ஒரு விதி உண்டு. நேரம் முடியப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும், ஒரே தட்டில் நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும், அப்படிக் குறைந்தது பத்துத் தடவை நீட்டிக்க விட வேண்டும் என்பது அதில் ஒரு வழி. 2008இலிருந்து இருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, உள்நுழைய மனப்பாடமோ பார்த்து எழுதுவதோ கட்டாயமாக இருக்கக்கூடாது, ஒட்டவாவது விட வேண்டும் என்றது. நான் பணம் போட்டிருக்கும் வங்கியின் செயலி ஒட்டுவதைத் தடுக்கிறது. பாதுகாப்பாம்.

நம் நாட்டிலும் அசைவு தெரிகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, இணையவழி வாடிக்கையாளர் சரிபார்ப்பை எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்ற 20 உத்தரவுகள் போட்டது. வழக்குப் போட்டவர்கள் அமிலத் தாக்குதலில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும். கண் சிமிட்டிக் காட்டு என்று கேட்கும் சரிபார்ப்பில் சிமிட்ட முடியாதவர் என்ன செய்வார் என்பது அவர்கள் கேள்வி. பெரியவர்கள் யாரும் வழக்குப் போடவில்லை. பலன் அவர்களுக்கும் வந்து சேரும் என்று நம்புகிறேன்.

12 அக்டோபர், சிறு சேர்க்கை

வாடிக்கையாளர் சேவையில் "தமிழுக்கு 2ஐ அழுத்தவும்" வரும்போது போனைக் காதிலிருந்து எடுத்தால் திரை கருப்பாகவே நிற்கிறது, எண் பலகை வந்ததும் நேரம் முடிந்து "தவறான தேர்வு" என்கிறது. மருந்து: எண்ணைச் சுழற்றியதும் ஸ்பீக்கர் போட்டு, மேசையில் கிடத்தி, எண் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பது. இந்த ஒரு விஷயத்தில் பட்டன் போன் ஜெயிக்கிறது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒப்புக்கொண்டேன்.

2 நவம்பர்

ஓய்வூதியக்காரர் வீடுகளுக்கு இது வாழ்வுச் சான்று மாதம். 80 கடந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம் என்பதால் அப்பா முடித்துவிட்டார்.

இந்தச் சான்றை மின்வழியில் தரும் ஜீவன் பிரமாண் 2014 நவம்பரில் வந்தபோது பெரும்பாலும் கைரேகைதான். முப்பது வருடத்துக்கு மேல் அரமும் ஸ்பானரும் பிடித்த விரலில் ரேகையைத் தேடினால் எங்கே கிடைக்கும்? கருவி மறுத்துக்கொண்டே இருக்கும், அவர் துடைத்துத் துடைத்து வைப்பார், வரிசையில் பின்னால் நிற்பவர் "தண்ணி தொட்டு வைங்க சார்" என்பார். 2021 நவம்பரில் முகச் சரிபார்ப்பு வந்தது பெரிய விடுதலை. வீட்டிலேயே முடிகிறது. ஜன்னல் எதிரே உட்கார வைத்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு. "கண் சிமிட்டுங்கள்" என்று திரையில் வருவது கண்ணாடி கழற்றியவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் ஆள் நின்று "இப்ப சிமிட்டுப்பா" என்று சொல்ல வேண்டும். தனியாக இருப்பவர்களுக்கு, தபால்காரர் வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்குச் செய்துகொடுக்கும் வசதி இருக்கிறது. அதையே நான் பரிந்துரைப்பேன்.

ரேஷனுக்கும் ரேகைத் தொல்லைதான். முதியவர்களுக்கு வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கியது. மலைக்கோட்டை சாமி பேர் வைத்திருப்பதால் அத்தைக்கு அதன் மேல் தனி அபிமானம்.

9 நவம்பர்

பணம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். "பின் நம்பரை நானே வைத்துக்கொண்டு அம்மாவுக்காக நானே அனுப்பிவிடுகிறேன்" என்று ஒருவர். வேண்டாம். பாதுகாப்பு ஒரு பக்கம், அவர் கணக்கில் அவருக்கே வேலையில்லாமல் போகிறது.

2024 ஆகஸ்டில் வந்த யுபிஐ சர்க்கிளைப் பாருங்கள். கணக்கு வைத்திருப்பவர் இன்னொருவரைச் சேர்த்து வரம்பு வைக்கலாம். முழு அனுமதி என்றால் மாதத்துக்கு 15,000 ரூபாய் வரை, பகுதி அனுமதி என்றால் ஒவ்வொரு தடவையும் கணக்குக்காரர் ஒப்புதல் தர வேண்டும். நான் தலைகீழாகப் பயன்படுத்துகிறேன். என் கணக்கில் அத்தையைச் சேர்த்திருக்கிறேன், சின்ன வரம்போடு. பூக்காரம்மாவிடம் அவரே ஸ்கேன் செய்து கொடுக்கிறார். பெரிய சேமிப்பு இருக்கும் கணக்கு எந்தப் போனிலும் இல்லை. பட்டன் போன் கட்சிக்கும் வழி இருக்கிறது: 2022 மார்ச்சில் வந்த யுபிஐ 123பே, குரல் அழைப்பிலேயே நடக்கும். மேலே சொன்ன "2ஐ அழுத்தவும்" தொல்லை அதில் பட்டன் போனுக்கு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மோசடிக்கு வீட்டுச் சுவரில் இரண்டு வரி ஒட்டியிருக்கிறேன். போலீஸ் வீடியோ காலில் கைது செய்யாது. பணம் போய்விட்டால் உடனே 1930. வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன, அது நிலைத்துவிட்டால் மூன்றாவது வரியாக எழுதலாம். மூன்றுக்கு மேல் ஒட்டினால் யாரும் படிப்பதில்லை. அப்பாவை இப்போது யார் கூப்பிட்டாலும் "நீ ஒரிஜினல்தானா" என்றுதான் ஆரம்பிக்கிறார். என்னையும்.

23 நவம்பர்

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும் கேட்கப்போவதில்லை. டிவி ரிமோட்.

செட்டாப் பெட்டிக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று. டிவி ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அத்தை தொட்டுவிட்டால் திரை நீலம், அன்றைய சீரியல் காலி, வீடு அமளி. ஆன் பட்டனும் ஒலியும் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினார் அப்பா. சம்பந்தி வீட்டுக்கு அவர் செய்த சீர் இது ஒன்றுதான் என்று என் வீட்டுக்காரர் கிண்டல். நான் இங்கே எழுதிய எல்லா செட்டிங்ஸையும்விட இதுதான் உருப்படியாக வேலை செய்கிறது.

11 ஜனவரி 2026

தஞ்சாவூர்க்காரர் எழுதியிருந்தார். திரை மேல் ஒட்டிய கண்ணாடியை எடுத்ததும் தொடுதல் சரியாகிவிட்டதாம். காது பரிசோதனையில் இரண்டு பக்கமும் குறைவு, கருவி வாங்கியிருக்கிறார்கள். மறதிக்கு மருத்துவர் ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். ஆனால் அம்மா பட்டன் போன்தான் வேண்டும் என்கிறாராம், "உன் ஆராய்ச்சிக்கெல்லாம் நான் ஆள் இல்லை" என்று.

அப்படியானால் பட்டன் போன் வாங்கிக் கொடுங்கள். அவர் சொல்கிறார், அது போதும். 4ஜி வோல்ட்டே உள்ளதாகப் பாருங்கள், காதுக் கருவியோடு கடையிலேயே பேசிப் பார்த்து வாங்குங்கள், இரைச்சல் கேட்டால் வேறு மாடல். ஸ்மார்ட்போனையும் எடுத்துப் போய்விடாதீர்கள், பேரன் படம் பார்க்க வீட்டு வைஃபையில் கிடக்கட்டும். தனியாக இருப்பவர் என்பதால் முதியோர் உதவி எண் 14567ஐயும் புதுப் போனில் பதிந்து கொடுங்கள், காலை 8 முதல் இரவு 8 வரை இயங்கும்.

அந்த டார்ச் போன் வேண்டுமென்றால் சொல்லுங்கள், எங்கள் வீட்டில் ஒன்று சும்மா கிடக்கிறது. 2ஜிதான்.